சீனத்துப் பழைய ஊர்களில் ஒரு நாள்: வாசல் காசு யாருக்கு?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சீனாவுக்குப் போய் வந்த எட்டுப் பேரையும் மேடைக்கு அழைத்து, "என்ன பார்த்தீங்க, சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டுப் பேரும் தனித்தனியாகப் பேசினால் நீங்கள் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவீர்கள். ஆகவே எட்டுப் பேரும் உட்கார்ந்து கதைத்து, ஒரே உரையாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம். கருத்தரங்கு பற்றிய அறிக்கை தனியாக வரும். இன்று சொல்லப்போவது, கருத்தரங்கு முடிந்த மறுநாள் சுற்றுலா பஸ் ஒன்றில் ஏறிப் பழைய ஊர்களைப் பார்க்கப்போன அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும்தான்.

ஊர் சுற்றிய கதை இங்கே எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. இன்று சுற்றுலா நம் தோட்டங்களுக்குள்ளும் வந்துவிட்டது. பழைய துரை பங்களாக்கள் ஹோட்டல்களாகிவிட்டன. மூடிய ஸ்டோர்களும் சில ஹோட்டல்களாகிவிட்டன. கொழுந்து மலைக்குள் வெள்ளைக்காரர்களும் கொழும்புக்காரர்களும் கெமராவோடு வருகிறார்கள். அப்படியிருக்க, பழைய ஊரையே காட்டிப் பிழைக்கும் மக்கள் தங்கள் பங்கை எப்படிக் கேட்டார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன இடம் சீனாவின் அன்ஹுய் மாகாணம், ஹுவாங்ஷான் மாவட்டம். ஹுவாங்ஷான் என்றால் மஞ்சள் மலை. அந்தப் பக்கத்தைப் பழைய காலத்தில் ஹுய்சோ என்றார்கள். காலையில் துன்ஷி என்ற நகரத்திலிருந்து புறப்பட்டு, முதலில் ஷீதி, அடுத்து ஹொங்சுன், பொழுது சாயத் திரும்பவும் துன்ஷி. இதுதான் அன்றைய பயணம். ஷீதி, ஹொங்சுன் இரண்டும் 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட கிராமங்கள். பஸ்ஸில் எங்களோடு பல நாட்டுக்காரர்கள் இருந்தார்கள். வழிகாட்டிப் பெண் கையில் சிறு கொடியோடு முன்னால் நடந்தார். அவர் சொன்ன ஆங்கிலத்தை எங்களில் இரண்டு பேர் தமிழில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

தேயிலை மலையைப் பார்த்தோம்

அது ஏப்ரல் மாதத் தொடக்கம். சாய்வான இடமெல்லாம் தேயிலை. ஆனால் நம் கண்ணுக்கு அது தோட்டமாகவே தெரியவில்லை. இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு, நடுவே மூங்கில், கீழே மஞ்சள் பூப்பூத்த கடுகுப் பயிர். லயம் இல்லை, பங்களா இல்லை, பிரட்டுக்களம் இல்லை. ஒரு வளைவில் பஸ் நின்றபோது இறங்கிப் பார்த்தோம். ஒரு கணவனும் மனைவியும் இடுப்பில் சின்ன மூங்கில் கூடை கட்டிக்கொண்டு மொட்டு மொட்டாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்களோடு வந்த கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இவ்வளவு சின்னதாவா கிள்ளுவாங்க? நம்ம மலையில இப்படி எடுத்தா அந்தி வரைக்கும் நின்னாலும் ரெண்டு கிலோ தேறாது. அரைப்பேர்தான் போடுவாங்க" என்றார்.

வழிகாட்டி விளக்கம் சொன்னார். ஏப்ரல் 4 அல்லது 5ஆம் திகதி அவர்களுக்கு முன்னோர் கல்லறைகளுக்குப் போய் வணங்கும் நாள். அதற்கு முந்திய நாட்களில் கிள்ளும் இளம் மொட்டுக்குத்தான் வருடத்திலேயே அதிக விலை. அதனால் நிறையைவிடத் தரம் முக்கியம். அக்கா அடுத்த கேள்வியைக் கேட்டார். "மல யாரோடது?" அவருக்கு வந்த பதில்தான் அன்றைய நாளின் முதல் பாடம்.

சீனக் கிராமங்களில் விவசாயக் காணி தனி ஆளுக்குச் சொந்தமில்லை. அது கிராமத்தின் கூட்டுச் சொத்து. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தன் துண்டை நீண்டகால ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறது. எதை நடுவது, யாருக்கு விற்பது என்று குடும்பம் தீர்மானிக்கிறது. இந்த முறைக்கு வழிகாட்டிய சம்பவமும் இதே அன்ஹுய் மாகாணத்தில்தான் நடந்தது. 1978ஆம் ஆண்டு ஷியாவ்காங் என்ற வறிய கிராமத்தில் 18 விவசாயிகள் இரகசியமாகக் கூடி, காணியைக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொள்வதென்று ஒரு தாளில் எழுதிக் கைநாட்டு வைத்தார்கள். அன்றைய சட்டப்படி அது குற்றம். பிறகு அரசே அந்த வழியை நாடு முழுவதற்கும் ஏற்றுக்கொண்டது.

அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று புகழ்பாட நாங்கள் வரவில்லை. கொழுந்து காலத்தில் கூலிக்கு ஆட்கள் வெளியூரிலிருந்து வருகிறார்கள். வாலிபர்கள் நகரத்து வேலைக்குப் போய்விட, கிராமத்தில் கிழவர்களும் பிள்ளைகளும்தான் மிச்சம். இருந்தாலும், தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் நிற்பவர் அந்த மண்ணில் உரிமையோடு நிற்கிறார். 200 வருடம் உழைத்தும் ஏழு பேர்ச் காணிக்கும் உறுதிப்பத்திரத்துக்கும் இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கும் நமக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத்தான் பட்டது.

ஷீதியில்

ஷீதி ஊருக்குள் நுழையும் இடத்தில் பெரிய கல் வளைவு நிற்கிறது. 1578ஆம் ஆண்டு, மிங் அரச காலத்தில், அந்த ஊரில் பிறந்து உயர்ந்த பதவிக்குப் போன ஒருவரின் பெருமைக்காகக் கட்டியது. அதைத் தாண்டினால் கல் பரவிய ஒடுங்கிய சந்துகள். இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குப் பரவாமல் இருக்கச் சுவரைக் கூரைக்கு மேலும் படிபடியாக உயர்த்தியிருக்கிறார்கள். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ இருபது காம்பராவையும் தின்றதைப் பார்த்தவர்கள் நாம். நானூறு வருடத்துக்கு முந்திய மனிதர்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு, நமக்கு லயம் கட்டியவர்களுக்குத் தேவையாகப் படவில்லை.

மலை அதிகம், வயல் குறைவு என்பதால் ஹுய்சோ ஆண்கள் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே வெளியூருக்குப் போய்விடுவார்கள். தேயிலை, உப்பு, மரம் என்று வியாபாரம் செய்து, பணத்தை ஊருக்கு அனுப்பி வீடு கட்டினார்கள். வீடு பெரிது, ஆனால் தெருப்பக்கம் ஜன்னல் மிகச் சிறிது. கள்ளருக்குப் பயந்தும் அப்படி, வீட்டுப் பெண்கள் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவும் அப்படி. வெளிச்சமும் மழையும் நடு முற்றத்து வழியாகத்தான் உள்ளே வரும். நான்கு கூரையின் தண்ணீரும் முற்றத்திலே விழுந்தால் செல்வம் வெளியே போகாது என்று நம்பினார்கள்.

கூடத்து மேசையில் நடுவே மணிக்கூடு, ஒரு பக்கம் பூச்சாடி, மறுபக்கம் கண்ணாடி. வீட்டுக்கு வீடு இதேதான். இந்த மூன்று பொருட்களின் பெயர்களும் சேர்ந்து ஒலித்தால் 'வாழ்நாள் முழுவதும் அமைதி' என்று சீன மொழியில் பொருள் வருமாம். தூர தேசத்தில் இருக்கும் கணவனுக்காக மனைவி வைத்த வேண்டுதல் அது. வருடக்கணக்கில் கணவன் முகம் காணாத பெண்கள் அந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள். எங்கள் குழுவில், மகள் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்ய, பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மா ஒருவர் இருந்தார். அவர் அந்தக் கூடத்தில் வெகுநேரம் நின்றார். "அங்க ஆம்பள போனான், நம்ம பக்கம் பொம்பள போறா. வாசலப் பாத்துக்கிட்டு இருக்கிறது ஒண்ணுதான்" என்றார்.

ஒரு வாசற்படியில் நம் அப்பாயி மாதிரி ஒருவர் காய்ந்த மூங்கில் குருத்து விற்றுக்கொண்டிருந்தார். அந்த வீடு அவர்கள் குடும்பத்து வீடு. "பழைய வீட்டில் இருப்பது எப்படி?" என்று வழிகாட்டி மூலம் கேட்டோம். மாரியில் குளிர், கூரை ஒழுகும், ஆனால் நினைத்தபடி ஓட்டை மாற்ற முடியாது, ஜன்னலைப் பெரிதாக்க முடியாது, எதற்கும் அனுமதி வேண்டும் என்றார். உலகமே வந்து படம் எடுக்கும் வீட்டில் வாழ்பவருக்கு அந்த அழகே ஒரு சுமைதான். அந்தச் சுமைக்கு என்ன ஈடு கிடைக்கிறது? அங்கேதான் வாசல் காசு வருகிறது.

ஊருக்குள் போகவே டிக்கட் வாங்க வேண்டும். ஷீதியில் 1990களில் கிராமமே ஒரு சுற்றுலாக் கம்பனியை அமைத்தது. டிக்கட் பணத்தைக் கிராமமே வசூலித்தது. ஒரு பங்கை வீடுகளுக்குப் பிரித்தார்கள். எப்படிப் பிரித்தார்கள் என்று கவனியுங்கள். குடும்பத்தில் எத்தனை பேர் என்று ஒரு கணக்கு. பழைய வீட்டின் பரப்பு எவ்வளவு என்று இன்னொரு கணக்கு. ஊரைக் காப்பவனும் ஊரில் வாழ்பவனும் பங்காளி என்பதுதான் இந்தக் கணக்கின் அர்த்தம்.

ஹொங்சுனில்

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஹொங்சுன். இது பதினைந்து, இருபது கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் பக்கத்து ஊர். வாங் என்ற குலத்தார் 12ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய கிராமம். படுத்திருக்கும் மாடு போல ஊரை அமைத்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள். பின்னால் உள்ள குன்று தலை. அதன் மேல் நிற்கும் பெரிய மரங்கள் கொம்பு. பாலங்கள் கால்கள். ஊர் முழுவதும் வளைந்து ஓடும் வாய்க்கால் குடல். நடுவில் அரைச் சந்திர வடிவில் உள்ள குளமும், தெற்கே 1607இல் வெட்டிய பெரிய குளமும் வயிறு.

எங்கள் பெண்களுக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது அந்த வாய்க்கால்தான். மேலே ஓடையை மறித்து, தண்ணீரை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை இது. காலை எட்டு மணிவரை குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தண்ணீர் எடுக்கலாம். எட்டு மணிக்குப் பிறகுதான் துணி துவைக்கலாம், காய்கறி கழுவலாம். இதுதான் அந்தக் காலத்து ஊர்க்கட்டுப்பாடு என்று வழிகாட்டி சொன்னார். நம் பீலிக்கரையில் விடியற்காலை நான்கு மணிக்குக் குடம் வரிசை வைத்து, பிரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சண்டை போடும் நமக்கு அந்தக் கட்டுப்பாட்டின் அருமை தெரியும். நல்ல தண்ணீருக்கு நல்ல குழாய் மட்டும் போதாது, ஒன்றுகூடி எடுத்த முடிவும் வேண்டும்.

நடுக்குளத்தை முழு வட்டமாக வெட்டாமல் அரைச் சந்திரமாக விட்டதற்கு ஒரு பெண்தான் காரணம் என்று ஊரார் சொல்கிறார்கள். குலத் தலைவர் வெளியூரில் இருக்க, அவருடைய மனைவி முன்னின்று வேலையை நடத்தினாராம். நிறைந்த நிலா தேயத்தான் வேண்டும், அரை நிலாவுக்குத்தான் வளர இடமிருக்கிறது என்று அவர் நினைத்ததாகக் கதை. குளக்கரையில் உள்ள குலத்தாரின் மண்டபத்தில் அவருடைய படம் இருக்கிறது. மாதர் சங்கத் தலைவிமார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் திட்டத்தை முன்னின்று நடத்திய பெண்ணை அறுநூறு வருடமாக ஒரு ஊர் மறக்கவில்லை.

1855ஆம் ஆண்டளவில் ஓர் உப்பு வியாபாரி கட்டிய பெரிய மாளிகையையும் பார்த்தோம். 136 மரத்தூண்கள், உத்திரமெல்லாம் தங்கம் பூசிய சிற்பம். பார்க்க அழகு. ஆனால் அதைப் பற்றி அதிகம் பேச நேரமில்லை, ஏனென்றால் ஹொங்சுனின் முக்கியமான கதை வேறு.

இந்தக் கதையை வழிகாட்டி சொல்லவில்லை. கருத்தரங்கில் பேசிய விரிவுரையாளர் சொன்னது. ஹொங்சுனில் டிக்கட் வாசலைக் கிராமம் நடத்தவில்லை. 1997இல் மாவட்ட நிர்வாகம் அதை பெய்ஜிங் கம்பனி ஒன்றுக்கு 30 வருடக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டது. கம்பனி பணம் போட்டது, விளம்பரம் செய்தது, கூட்டம் வந்தது. 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு பிரபல சண்டைப் படத்தின் காட்சிகளும் இங்கே எடுக்கப்பட்டதால் இன்னும் கூட்டம். ஆனால் கிராமத்துக்குக் கிடைத்தது மிகவும் சொற்பம். தங்கள் வீடு, தங்கள் குளம், தங்கள் தாத்தா வெட்டிய வாய்க்கால், அதைக் காட்டி வரும் பணம் வேறு யாருக்கோ. பக்கத்து ஊர் ஷீதியில் வீட்டுக்கு வீடு பங்கு போவதையும் அவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. கூட்டம் போட்டார்கள், மனு கொடுத்தார்கள், எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பல வருட இழுபறிக்குப் பிறகு, 2000களின் தொடக்கத்தில் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. டிக்கட் பணம் நூறு ரூபாய் என்றால், அதில் 33 ரூபாய் உள்ளூர்ப் பக்கம் வர வேண்டும் என்று முடிவானது. பழைய கட்டடங்களின் பாதுகாப்புக்கு மாவட்ட நிர்வாகத்திடம் 20 ரூபாய், சிறு நகர நிர்வாகத்துக்கு 5 ரூபாய், கிராமத்துக்கு 8 ரூபாய். மீதி 67 ரூபாய் கம்பனிக்கு.

எட்டு ரூபாய் பெரிய வெற்றியா? இல்லை. வீட்டைக் காப்பவனுக்கு எட்டு, வாசலில் டிக்கட் கிழிப்பவனுக்கு அறுபத்தேழு. ஆனால் கேட்காமல் இருந்திருந்தால் அந்த எட்டும் இல்லை. கையெழுத்தான குத்தகையையும் திறந்து திருத்தலாம் என்பதை அந்தக் கிராமத்தார் காட்டியிருக்கிறார்கள்.

துன்ஷிக் கடைத்தெருவில்

பொழுது சாய துன்ஷிக்குத் திரும்பி, பழைய கடைத்தெருவில் நடந்தோம். மரக் கடைகள், மை, காகிதம், எங்கே திரும்பினாலும் தேயிலை. இந்த ஊரின் பெயரைத்தான் ஆங்கிலேயர் 'ட்வாங்கே' என்று உச்சரித்து, ஒரு பச்சைத் தேயிலை வகைக்கே பெயராக வைத்தார்கள். 1848இல் ரொபர்ட் ஃபோர்ச்சூன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் சீன உடை போட்டு மாறுவேடத்தில் இந்த ஹுய்சோ பக்கம் வந்தார். கிழக்கிந்தியக் கம்பனிக்காகத் தேயிலைச் செடியும் விதையும் சேகரித்து இந்தியாவுக்கு அனுப்பினார். கடைசியில் தேயிலை செய்யத் தெரிந்த சீனத் தொழிலாளரையும் கூட்டிக்கொண்டு போனார்.

செடியைக் கொண்டு போனார்கள், தொழிலையும் கொண்டு போனார்கள். ஆனால் குடும்பம் தன் துண்டில் தேயிலை வளர்க்கும் முறையைக் கொண்டுபோகவில்லை. அதற்குப் பதிலாகப் பெருந்தோட்டம், கங்காணி, லயம் என்ற வேறொரு முறையை வைத்தார்கள். இலங்கைக்கு 1824இலேயே சீனத்துச் செடி பேராதனைத் தோட்டத்துக்கு வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் வியாபாரத்துக்காகத் தேயிலை போட்டார். மற்றது உங்களுக்குத் தெரிந்த நம் கதை. தேயிலை இருந்தால் லயமும் இருந்தே தீர வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. இதை அந்தக் கடைத்தெருவில் நின்று எட்டுப் பேரும் பேசிக்கொண்டோம்.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, இனி நம் விஷயத்துக்கு வருவோம். 1992இல் நம் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. பிறகு 53 வருடக் குத்தகை. குத்தகை தேயிலைக்கு என்றுதான் நாம் நினைத்தோம். இன்று அதே காணியில் ஹோட்டல், மலையேறும் பாதை, படம் எடுக்கும் இடம் எல்லாம் வருகின்றன. சில பங்களாக்களில் ஓர் இரவு வாடகை, நம் ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம். அந்த வாடகையில் அந்த மலையை மலையாக வைத்திருப்பவருக்கு என்ன பங்கு? ஹொங்சுன் மக்களுக்கு எட்டு என்றால், நமக்கு இன்று பூச்சியம்.

ஆகவே நாங்கள் எட்டுப் பேரும் இந்தக் கூட்டத்தின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் தோட்டத்தில் என்னென்ன சுற்றுலா வேலை நடக்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். எந்த பங்களா, எந்தப் பாதை, யார் நடத்துகிறார்கள், நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்ன சம்பளத்தில் வேலை செய்கிறார்கள். கணக்கு கையில் இல்லாமல் பேச்சுவார்த்தைக்குப் போக முடியாது.

இரண்டாவது, சம்பளப் பேச்சுவார்த்தையோடு சேர்த்து, தோட்டத்துச் சுற்றுலா வருமானத்தில் தோட்டத்து மக்களுக்கு ஒரு பங்கு என்ற கோரிக்கையையும் நம் சங்கம் முன்வைக்க வேண்டும். அது தனி ஆள் கையில் போகாமல் தண்ணீர், பாதை, பிள்ளைகளின் படிப்பு என்று பொது வேலைக்குப் போகட்டும். கணக்கு கோயில் திருவிழாக் கணக்கு போல எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படட்டும்.

மூன்றாவது, காணியும் வீடும். ஷீதிப் பாட்டி கூரை ஒழுகுது என்று குறைப்பட்டாலும், "இது எங்க வீடு" என்று சொல்லித்தான் குறைப்பட்டார். நாம் நூற்றைம்பது வருடம் இருந்த லயத்தை அப்படிச் சொல்ல முடியாது. உறுதிப்பத்திரம் கைக்கு வராமல் மற்றப் பங்குகளுக்கு அத்திவாரம் இல்லை.

நான்காவது, நம் கதையை நாமே சொல்ல வேண்டும். அந்த ஊர்களில் வாய்க்காலுக்கும் கதை இருக்கிறது, மேசை மணிக்கூட்டுக்கும் கதை இருக்கிறது. நம் மலையில் வருபவர்களுக்குச் சொல்வதெல்லாம் துரைமாரின் கதை. ரோட்டை வெட்டியவர், காட்டை அழித்தவர், முதல் கன்று நட்டவர் பற்றி யார் சொல்வது? வாசிகசாலைப் பிள்ளைகள் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு லயத்துப் பெரியவர்களிடம் போய், மலைக்கும் பீலிக்கும் கோயிலுக்கும் உள்ள கதையை எழுதத் தொடங்கட்டும். படம் எடுக்க வருபவர் கேட்டுவிட்டு எடுக்கட்டும். கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு "வேண்டாம்" என்று சொல்லவும் உரிமை உண்டு என்பதைத் தோட்டத்துக்குத் தோட்டம் சொல்லி வைப்போம்.

பட்டியல் எடுக்கும் வேலையை அடுத்த மாதச் சந்தா கூட்டத்துக்கு முன் முடித்துத் தரும்படி கமிட்டித் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். படிவத்தைக் கொண்டு வந்திருக்கிறோம், போகும்போது ஒவ்வொருவரும் வாங்கிக்கொண்டு போங்கள்.